உரிமம் அவனிடம், அனுபவம் என்னிடம்: வியட்நாம் மலையில் வண்டியை யார் ஓட்டுவது?

#1 நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். நவம்பரில் நானும் என் நண்பனும் வியட்நாம் போகிறோம். ஹனோயில் இறங்கி, இரவுப் பஸ்ஸில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஹா ஜியாங் நகரத்துக்குப் போகிறோம். அங்கே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, குவான் பா, யென் மின், டோங் வான், மியோ வாக், டு ஜியா என்று மலைச் சுற்றை நான்கு நாளில் முடித்துத் திரும்பத் திட்டம். மொத்தம் 350 கிலோமீட்டர் அளவில் வரும். ஒரே வண்டி, இரண்டு பேர், இரண்டு சிறிய பைகள்.

பாதையில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் எங்களுக்குள்தான். நான் பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவன். மழை, இரவு, மலை எல்லாவற்றிலும் ஓட்டியிருக்கிறேன். நண்பன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேதான் மோட்டார் சைக்கிள் உரிமம் வாங்கினான். வாங்கிய பிறகு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அதிகம். அவன் இப்போது என்ன சொல்கிறான் என்றால், வியட்நாமில் அவனுடைய பன்னாட்டு உரிமம் செல்லுமாம், என்னுடைய இந்தியப் பன்னாட்டு உரிமம் செல்லாதாம். ஆகவே அவன்தான் ஓட்டுவானாம். நான் பின்னால் உட்கார வேண்டுமாம்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. நான்கு நாள், அதுவும் அப்படிப்பட்ட மலையில், அவன் பின்னால் உட்கார எனக்குத் துணிவில்லை. அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள். உரிமத்தை உண்மையிலேயே பார்க்கிறார்களா?

#2 கிளட்ச்கம்பி

நான் 2023இல் போனேன். ஹோண்டா வேவ் எடுத்தேன். கடைக்காரர் உரிமத்தைக் கேட்கவே இல்லை. போலீஸ் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. அங்கே வருகிற வெளிநாட்டவரில் பாதிப் பேரிடம் சரியான உரிமம் கிடையாது. பிடித்தால் அபராதம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அனுபவம் உள்ளவர் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. காகிதமா வண்டி ஓட்டும்?

#3 பழையசங்கிலி

கிளட்ச்கம்பி சொல்வது ஒருவருக்கு ஒருமுறை நடந்த கதை. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெடுவழி, உங்கள் நண்பர் சொல்வது சரி. உலகத்தில் நடைமுறையில் இரண்டு வகைப் பன்னாட்டு ஓட்டுநர் உரிமங்கள் இருக்கின்றன. ஒன்று 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வழங்குவது. மற்றொன்று 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் கீழ் வழங்குவது. வியட்நாம் 2014இல் சேர்ந்தது வியன்னா உடன்படிக்கையில். அந்த வகை உரிமத்தைத்தான் அது ஏற்கிறது. இந்தியா கொடுப்பது 1949 வகை. ஜெர்மனி 1968 உடன்படிக்கையில் இருக்கிறது. இரண்டு கையேடுகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள், விஷயம் முடிந்தது.

அபராதத்துக்கு வருவோம். 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிய ஆணை நடைமுறையில் இருக்கிறது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் 125 சிசி வரையிலான வண்டியை ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங் (வியட்நாம் பணம்) வரை. அதற்கு மேற்பட்ட வண்டி என்றால் 60 லட்சம் முதல் 80 லட்சம் டாங். வண்டியையும் பிடித்து வைக்கலாம். 2023 அனுபவத்தை வைத்து இப்போது யாரும் யாருக்கும் தைரியம் சொல்ல வேண்டாம்.

ஆனால் எனக்கு அபராதம் பெரிய விஷயமே இல்லை. பயணக் காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்து, மோட்டார் சைக்கிள் பற்றிய பத்தியைப் படியுங்கள். "அந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்" என்ற நிபந்தனை இல்லாத ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. சிலவற்றில் 125 சிசி என்ற வரம்பும் இருக்கும். உரிமம் இல்லாமல் ஓட்டி எலும்பு முறிந்தால், மலையிலிருந்து ஹனோய் மருத்துவமனை வரை முழுச் செலவும் உங்களுடையது. ஓட்டுபவருக்கு உரிமம் இல்லை என்றால் பின்னால் இருப்பவரின் இழப்பீட்டையும் மறுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எதிரே வந்த உள்ளூர்க்காரர் அடிபட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

#4 நெடுவழி

ஐயா, இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. காப்பீட்டு ஒப்பந்தத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நிபந்தனை இருக்கிறது. ஏழாம் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில்.

சரி, சட்டப்படி அவன்தான் ஓட்ட முடியும். ஆனால் என் பயம் போகவில்லையே. அந்தச் சுற்றில் வரும் மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அங்கே சட்டம் வந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளுமா?

#5 கிளட்ச்கம்பி

அதைத்தான் நானும் சொல்கிறேன்.

#6 இரட்டைக்கண்ணாடி

நான் ஜெர்மனியில் அதே உரிமம் வாங்கியவன். உங்கள் நண்பரின் மூவாயிரம் கிலோமீட்டரை இளப்பமாக நினைக்க வேண்டாம். அங்கே எழுத்துத் தேர்வு மட்டும் போதாது; பயிற்றுநர் காரில் பின்தொடர, காதில் அவர் குரல் ஒலிக்க, சாலையில் ஓட்டிப் பழக வேண்டும். வழக்கமான வகுப்புகள் போக, கட்டாயச் சிறப்பு ஓட்டங்கள் மட்டும் பன்னிரண்டு: ஊருக்கு வெளியே ஐந்து, அதிவேகச் சாலையில் நான்கு, இருட்டில் மூன்று. தேர்வில் அவசர பிரேக், தடையைச் சுற்றி விலகுதல், நடை வேகத்தில் கால் ஊன்றாமல் வளைதல் எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். நான் முதல் முறை விலகுதலில் கோட்டை விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. வியட்நாமில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். உங்கள் நண்பர் கற்றுக்கொண்டதே வலப்பக்கத்தில்தான். நீங்கள் பதினைந்து வருடம் இடப்பக்கத்தில் ஊறியவர். நேர்ச்சாலையில் வித்தியாசம் தெரியாது. முன்னால் நாலு வண்டி போனால் அதைப் பார்த்து நாமும் போய்விடுவோம். ஆனால் ஆளில்லாத மலைச் சாலையில் ஓரமாக நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும்போதும், எதிரே திடீரென்று ஏதாவது வந்து ஒதுங்கும்போதும் உடம்பு பழைய பக்கத்துக்குத்தான் போகும். மூளைக்குத் தகவல் போவதற்குள் கை முடிவு செய்துவிடும். உங்கள் அனுபவம் அங்கேதான் உங்களுக்கு எதிரியாகும்.

#7 நெடுவழி

இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் பழகிவிடாதா?

#8 இரட்டைக்கண்ணாடி

பழகிவிட்டது என்று நினைக்கும் மூன்றாம் நாள்தான் ஆபத்து.

#9 மழைக்கோட்டு

சட்டத்துக்கு உட்பட்ட வேறு வழிகளும் இருக்கின்றன. அங்கே 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு உரிமமே தேவையில்லை. நண்பர் பெரிய வண்டி, நெடுவழி 50 சிசி என்று தனித்தனியாகப் போகலாம். ஹா ஜியாங் நகரை விட்டுக் குவான் பா நோக்கிப் போகும்போது பாக் சும் ஏற்றம் வரும். அதில் 50 சிசி வண்டி மூச்சிரைக்க ஏறும்போது பள்ளிச் சிறுவர்கள் உங்களை முந்துவார்கள். மானம் பெரிதில்லை என்றால் அது நல்ல வழி.

இரண்டாவது, உள்ளூர் ஓட்டுநரோடு வண்டியை அமர்த்திக்கொள்வது. "ஈஸி ரைடர்" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு ஓர் ஓட்டுநர், நீங்கள் இருவரும் பின்னால். அந்த மலையில் வளர்ந்தவர்கள். எந்த வளைவில் சரளை கொட்டிக் கிடக்கிறது, எந்த இடத்தில் நேற்று மண் சரிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

#10 நெடுவழி

உள்ளூர் ஓட்டுநர் பின்னால் என்றால் எனக்குச் சம்மதம்தான். நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான். இவ்வளவு தூரம் வந்து வண்டி ஓட்டாமல் போவதா என்கிறான்.

#11 பின்னிருக்கை

நெடுவழி அண்ணா, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் பின்னால் உட்காரச் சம்மதம், நண்பர் பின்னால் உட்காரச் சம்மதம் இல்லை. அப்படியென்றால் சிக்கல் மலையில் இல்லையே?

நான் என் தோழியின் பின்னால் உட்கார்ந்து இதே சுற்றைப் போய்வந்தவள். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். பின்னால் உட்காருவது சும்மா இருப்பது என்று நினைக்கிறீர்கள் போல. அது தனி வேலை. இரண்டு பேர் போகும் வண்டியில் பின்னால் இருப்பவர் அசைந்தால் முன்னால் இருப்பவருக்குக் கை ஆடும். வளைவில் ஓட்டுபவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தத் தோளுக்கு மேலாகப் பாருங்கள், உடம்பு தானாகச் சரியான அளவு சாயும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே ஓடும். ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முகத்துக்கு முன்னால் கையை நீட்டி வழி காட்டாதீர்கள். நாங்கள் தோளில் தட்டும் கணக்கு வைத்திருந்தோம்: ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு படம் எடுக்க வேண்டும், தொடர்ந்து தட்டினால் எனக்குக் கால் மரத்துவிட்டது.

பையை உங்கள் முதுகுக்குப் பின்னால் உயரமாகக் கட்டாதீர்கள். பின்சக்கரத்தைத் தாண்டி எடை போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, கைப்பிடி மிதப்பது போல் இருக்கும். இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகள் நல்லது. சைலன்சர் பக்கம் மட்டும் கவனம். என் மழைக்கோட்டு அதில் உருகி ஒட்டிக்கொண்டது.

#12 மழைக்கோட்டு

என்னைச் சொல்கிறீர்களோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

#13 பழையசங்கிலி

பின்னிருக்கை அம்மா எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியதில்லை. வண்டி பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே அதிகம் கிடைப்பது வேவ் போன்ற 110 சிசி அரைத் தானியங்கி. கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது, நான்கு கியர். முன்மிதியை அழுத்தினால் கியர் ஏறும், பின்மிதியை அழுத்தினால் இறங்கும். ஒருவர் மட்டும் போக அருமையான வண்டி. நாள் வாடகை 2 லட்சம் டாங்குக்குச் சற்று முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு ஆண்கள், பைகள், அந்த ஏற்றம் என்றால் திணறும். கியர் இல்லாத ஸ்கூட்டர் அறவே வேண்டாம். இறக்கத்தில் வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் விட்டுவிடும், என்ஜின் பிடிமானம் போய்விடும், முழு எடையும் பிரேக்கில் விழும். பத்துக் கிலோமீட்டர் இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறி, லீவரை அழுத்தினால் பஞ்சு போல் உள்ளே போகும். அந்த உணர்வை ஒரு முறை அனுபவித்தவன் நான். மறுமுறை வேண்டாம்.

இரண்டு பேருக்கு 150 சிசி, கிளட்ச் உள்ள வண்டி எடுங்கள். ஹோண்டா எக்ஸ்ஆர் 150 அங்கே நிறையக் கடைகளில் கிடைக்கும். 125 சிசியைத் தாண்டுவதால் நண்பரின் உரிமத்தில் எந்த வகைக்கு முத்திரை குத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். இது எந்த நாட்டு மலைக்கும் பொது.

வண்டியை எடுக்கும்போது சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள். டயர், சங்கிலித் தளர்வு, இரண்டு பிரேக், முன்விளக்கு. வண்டியின் பதிவு அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஒவ்வொரு விடுதியிலும் தங்குபவர் விவரத்தைப் பதிவதற்கு அது தேவைப்படும். ரொக்க முன்பணமும் நகலும் போதும் என்று பேசிப் பாருங்கள். வெளிநாட்டவருக்கு எல்லைப்பகுதி அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு. நகரத்திலேயே வாங்கிவிடலாம். ஹா ஜியாங் மாகாணம் 2025 ஜூலையில் துயென் குவாங் மாகாணத்தோடு இணைந்துவிட்டது. பழைய வரைபடத்தில் ஒரு பெயர், புதிய காகிதத்தில் வேறு பெயர் என்று இருந்தால் திகைக்க வேண்டாம்.

ஹெல்மெட் சொந்தமாக எடுத்துப் போங்கள். வாடகைக் கடையில் கொடுப்பது பல நேரம் வெறும் தொப்பி.

#14 மழைக்கோட்டு

நவம்பர் என்பதால் மழை பற்றி அதிகம் எழுதவில்லை. மே முதல் செப்டம்பர் வரை என்றால் மண்சரிவைப் பற்றித் தனியாக ஒரு பாடம் நடத்தியிருப்பேன். 2024 செப்டம்பரில் யாகி புயல் வட வியட்நாமைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். நவம்பரில் பக்வீட் என்ற தானியச் செடியின் பூக்கள் பூத்திருக்கும், இளஞ்சிவப்பாக. ஆனால் மேலே போகப் போகக் குளிர் கடுமை, காலையில் மூடுபனி. கையுறை இல்லாமல் போனால் விரல் பிரேக்கைப் பிடிக்காது.

இரவுப் பஸ் விடியும் முன்பே ஹா ஜியாங்கில் இறக்கிவிடும். தூங்காத கண்ணோடு அன்று காலையே வண்டியில் ஏறாதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர்தான் சராசரி வரும். 100 கிலோமீட்டர் போவது ஒரு நாள் வேலை.

மக்காச்சோளச் சாராயத்தைச் சின்னக் கிண்ணத்தில் நீட்டுவார்கள். இரவில் தங்கும் இடத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2020 முதல் அங்கே வண்டி ஓட்டுபவருக்கு மதுவின் அளவு பூஜ்ஜியம். காலையில் மிச்சம் இருந்தாலும் குற்றம்தான். பின்னால் உட்காருபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, நெடுவழி. யோசியுங்கள்.

#15 நெடுவழி

சிரித்துவிட்டேன். பின்னிருக்கை கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுத முடியவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன். நண்பனிடம் "சரி, நீயே ஓட்டு" என்று செய்தி அனுப்பிவிட்டேன். உடனே அவன் அனுப்பிய பதில்: "பயமாக இருக்கிறது."

#16 பின்னிருக்கை

நல்ல ஓட்டுநர்.

#17 நெடுவழி

(ஐந்து வாரம் கழித்து) திரும்பிவிட்டோம். இருவரும் முழுதாக இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதிய பிறகு நான் சுருக்கமாக முடித்தால் நியாயமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹா ஜியாங்கில் ஒரு பகல் முழுக்கத் தூங்கினோம். மறுநாள் வண்டி எடுத்தோம். கடைக்காரர் முதலில் கொடுத்த வண்டியில் பின்டயர் வழுக்கையாக இருந்தது. மாற்றித் தரச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார், ஆனால் வேறு வண்டி கொடுத்தார். வீடியோ எடுத்தேன். பாஸ்போர்ட் கொடுக்கவில்லை.

முதல் நாற்பது கிலோமீட்டர் எனக்கு நரகம். நண்பன் ஓட்டியது மோசமில்லை. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. பாக் சும் ஏற்றத்தில் மூன்று இடத்தில் கியரைத் தாமதமாகக் குறைத்தான், வண்டி உதறியது. ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டேன். ஒரு முறை மட்டும் கத்திவிட்டேன். வளைவு திரும்பியதும் எதிரே லாரி. "டேய், லாரி!" என்று அலறி அவன் தோளை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் இழுத்தேன். வண்டி தள்ளாடியது. அவன் நிதானமாக ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்பிப் பார்த்தான். லாரி அதன் பக்கத்தில்தான் வந்தது. நாங்களும் எங்கள் பக்கத்தில்தான் போனோம். தவறான பக்கத்தில் இருந்தது என் தலை மட்டும்தான்.

இரட்டைக்கண்ணாடிக்கு அந்த இடத்திலேயே மனதில் ஒரு கும்பிடு போட்டேன்.

குவான் பாவுக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. ஓரத்தில் ஏற்கெனவே நான்கைந்து வெளிநாட்டவர்கள் வெளிறிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நண்பன் ஜெர்மன் உரிமத்தையும் சாம்பல் நிறக் கையேட்டையும் நீட்டினான். அந்த அதிகாரி நேராக முகப்பில் ஆண்டைப் பார்த்தார், பிறகு வகைப் பக்கத்தைப் புரட்டினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிளட்ச்கம்பி, பார்க்கிறார்கள். நன்றாகவே பார்க்கிறார்கள்.

இரண்டாம் நாள் தாம் மா சரிவு. "குதிரையைச் சோதிப்பது" என்று பொருளாம். சுமையோடு மேலே ஏறி முடிக்கும் குதிரையைத்தான் அந்தக் காலத்தில் வைத்துக்கொள்வார்களாம். எங்கள் குதிரை தேறியது. ஸா பின்னில் மோங் இனத் தலைவர்களான வுவாங் குடும்பத்தின் பழைய கல்வீடு, பிறகு சீன எல்லையை ஒட்டிய லுங் கு கொடிக்கம்பம். மேலே பறப்பது 54 சதுர மீட்டர் கொடி, நாட்டின் 54 இனங்களுக்காக. கம்பத்தின் உச்சியில் காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அங்கிருந்து டோங் வான் வரை மூடுபனி. அவன் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. நானாக இருந்தால் நாற்பதில் போயிருப்பேன். ஏன் போயிருப்பேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் மா பி லெங். "குதிரையின் மூக்குத்தண்டு" என்று பொருள். இந்தச் சாலை பற்றிப் படித்துவிட்டுத்தான் போனேன். 1959இல் தொடங்கி 1965இல் முடித்திருக்கிறார்கள். "மகிழ்ச்சிச் சாலை" என்று பெயர். ஹா ஜியாங்கிலிருந்து மியோ வாக் வரை ஏறக்குறைய 185 கிலோமீட்டர், பெரும்பாலும் கையால் உடைத்த வழி. இந்தக் கணவாயில் மட்டும் இளைஞர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பதினொரு மாதம் பாறையைக் கொத்தினார்களாம். பாறையைப் பார்த்தால் எங்கே கால் வைத்திருப்பார்கள் என்றே புரியவில்லை.

கீழே நோ குவே ஆறு. பச்சையா நீலமா என்று முடிவு செய்ய முடியாத நிறம். மலையில் நான் எவ்வளவோ முறை போயிருக்கிறேன், ஆனால் ஓடும் வண்டியில் இருந்தபடி ஒரு பள்ளத்தாக்கை முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. அன்று இரவு மியோ வாக்கில் நண்பன் என் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தான். "இந்த இடம் எங்கே வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வழி முழுக்க அவன் பார்த்தது எட்டு மீட்டர் தார் மட்டும்தான்.

இனி எழுதப் போவதற்குத் திட்டுவீர்கள். நான்காம் நாள், மியோ வாக்கிலிருந்து டு ஜியா போகும் வழி. சாலையில் ஆளே இல்லை. அவனுக்குக் கை வலி. "கொஞ்ச தூரம் நீ ஓட்டு" என்றான். மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. முதல் கிலோமீட்டர் சொர்க்கம். அவனே "நீ ஓட்டினால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது" என்றான். ஓரிடத்தில் படம் எடுக்க நிறுத்தினோம். மீண்டும் கிளம்பினோம். ஒரு வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவதில் எதிரே ஒரு பையன், வண்டியில் இருபக்கமும் புல்கட்டு. அவன் என் நேர் எதிரே வந்தான். தவறான பக்கத்தில் வருகிறானே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இருவரும் பிரேக் பிடித்து நின்றபோது நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான், பிறகு சாலையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் எடுத்துவிட்டுக் கிளம்பியதிலிருந்து நான் இடப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவனும் கவனிக்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். மொத்தம் மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். அதன் பிறகு கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை.

டு ஜியாவில் நிற்கும்போது அவன் கால் சரளையில் வழுக்கி வண்டி சாய்ந்தது. கிளட்ச் லீவர் வளைந்ததோடு சரி. வியட்நாமியத்தில் பழுதுபார்க்கும் கடைக்கு "சுவா ஸே" என்று பலகை இருக்கும். ஊருக்கு ஊர் இருக்கிறது. பத்து நிமிடத்தில் புது லீவர் போட்டுத் தந்தார் ஒரு பெரியவர். திரும்பியதும் கடைக்காரர் லீவரைக் கவனிக்கவே இல்லை. பெட்ரோல் டேங்கில் இருந்த பழைய நசுங்கலைக் காட்டிப் பணம் கேட்டார். வீடியோவைக் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

#18 பழையசங்கிலி

அந்தப் பையன் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் இந்தப் பதிவை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தீர்களா? காப்பீடு அந்த மூன்று கிலோமீட்டருக்குக் கிடையாது. புல்கட்டோடு வந்தவனுக்கு அது தெரிந்திருக்கவும் நியாயமில்லை. மறைக்காமல் எழுதியதால் இதோடு விடுகிறேன்.

#19 கிளட்ச்கம்பி

நான் சொன்னதைக் கேட்காதது நல்லதுதான். இருந்தாலும் உரிமம் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கு ஒருமுறை நடந்த கதை என்று நானும் சொல்லலாம் இல்லையா, பழையசங்கிலி ஐயா?

#20 பழையசங்கிலி

சொல்லலாம். அபராத ரசீதோடு வந்து சொல்லுங்கள்.

#21 பின்னிருக்கை

அண்ணா, தோளில் தட்டும் கணக்கு வேலை செய்ததா?

#22 நெடுவழி

செய்தது. ஆனால் முதல் நாளிலேயே ஒரு தட்டு, இரண்டு தட்டு எல்லாம் குழம்பிவிட்டது. நான் எப்படித் தட்டினாலும் அவன் நிறுத்தினான்.

#23 முன்னிருக்கை

வணக்கம். நான்தான் அந்த நண்பன். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். இரண்டு திருத்தங்கள்.

பாக் சும் ஏற்றத்தில் கியர் தாமதமானது மூன்று முறை அல்ல, இரண்டு முறை. மூன்றாவது முறை வண்டி உதறியதற்குக் காரணம், பின்னால் ஒருவர் இல்லாத பிரேக்கை மிதித்த வேகத்தில் முன்னால் வந்து என் முதுகில் மோதியது.

அவர் ஓட்டியது மூன்று கிலோமீட்டர் அல்ல. சாவியைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் ஓடோமீட்டரைப் பார்த்தேன். பதினொன்று. லீவருக்குக் கொடுத்த பணத்தில் பாதியும் இன்னும் வரவில்லை.